முன்னெழுந்தான் வாய் மூடிய கதை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கதையைச் சொல்பவனுக்கே இதன்மேல் பல வருடங்களாகச் சந்தேகம் உண்டு. கதையில் மற்ற எல்லாம் பொருந்தி வருகிறது. ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. அந்த இடம் வரும்போது கேட்பவர்களுக்கே தெரியும்.

இதை அவனுக்குச் சொன்னவர் இருதயராஜ். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். சொல்பவன் அவருக்குப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறவன். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இருதயராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிசெய்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் பதில் வரும் என்பதுபோல ஒரு கணம் நிற்பார். பெட்டி வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆஜர் எடுப்பதுபோல இருக்கிறதே என்பார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். முன்பு வேறு மாவட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் கணினி பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார் என்று மட்டும் தெரியும். அதை ஏன் விட்டார் என்று அவர் சொன்னதில்லை. இவன் கேட்டதுமில்லை.

கதை இதுதான்.

அந்தக் காலத்தில், கணினிப் பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் நம்மைப்போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு தட்டையான பூமி. அதன்மேல் மயிரிழை போன்ற செம்புப் பாதைகள். மின்சாரம் வந்தால் அங்கே விடியும். போனால் பொழுது அடைந்துவிடும். அடைந்தால் சாதாரண உறக்கம் அல்ல, பெரும்பாலும் எல்லாரும் தங்களையே மறந்துபோகும் உறக்கம்.

அந்தப் பூமியில் வல்லான் என்று ஒருவன் இருந்தான். கணக்கிடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கண்சிமிட்டுக்குள் கோடிக் கணக்குகளைப் போட்டு முடிப்பான். முடித்த வேகத்தில் தலை சுட்டுவிடும். அதற்காக அவன் உச்சியில் ஒரு விசிறி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவனுக்கு விடிந்ததும் தன் பெயர்கூட நினைவிருக்காது. ஒரே ஒரு வாசற்படிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மறதாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் எண்ணி முடியாத அறைகள். ஒவ்வோர் அறையிலும் எழுதி அழிக்கும் பலகைகள். பகலில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி எழுதி வைத்துக்கொள்வாள், கேட்ட நொடியில் எடுத்து நீட்டுவாள். மின்சாரம் போனதும் அத்தனை பலகைகளும் வெறுமையாகிவிடும். கிடங்கார் என்றொரு கிழவர் மூலையில் கிடந்து சுற்றிக்கொண்டிருப்பார். அவர் வாங்கி வைத்தது என்றைக்கும் அழியாது, ஆனால் எடுத்துத் தருவதற்குள் கேட்டவர் அலுத்துப்போவார். அந்தக் கிடங்குக்குள்தான் துரைசானியம்மாள் உறங்குவாள். அவள் எழுந்து மறதாயி வீட்டுக்கு வந்து அமர்ந்தால்தான் பெட்டிக்குள் ஆட்சி நடக்கும். வெளியில் இருக்கும் மனிதர்கள் கேட்பதைப் புரிந்துகொண்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

சரி, அவளை எழுப்புவது யார்?

நகத்தளவு கறுத்த உடம்பும் எட்டுக் கால்களுமாக ஒருவன் இருந்தான். எட்டுக் கால்களும் தரையோடு பற்றவைக்கப்பட்டவை, நகர முடியாது. அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் தெரிந்தது மறக்காது. மின்சாரம் போனாலும் மறக்காது. எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பதால் அவனை முன்னெழுந்தான் என்று கூப்பிட்டார்கள்.

விடிந்ததும் வல்லான் தட்டுத்தடுமாறி அவன் வாசலில் வந்து நிற்பான். நான் யார், என்ன செய்ய வேண்டும் என்று கேட்பான். முன்னெழுந்தான் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவான், வல்லான் அப்படியே செய்வான். முதலில் மறதாயியைக் கூப்பிட வேண்டும். அவளிடம் ஒவ்வோர் அறையாகப் போய் ஓர் எண்ணைக் கொடுத்து, அதையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கொடுத்தது கொடுத்தபடி வந்தால் அந்த அறை உள்ளேன் என்று சொன்னதாக அர்த்தம். பிறகு எழுத்துப் பொத்தான்களை, திரையை, கடைசியாகக் கிடங்காரை. கிடங்காரின் வாசலில் முதல் ஏடு ஒன்று இருக்கும். துரைசானியம்மாளை எப்படிக் கைத்தாங்கலாக எழுப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைப் படித்து, அவளை மறதாயி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்து, இன்னின்னார் இருக்கிறார்கள் அம்மா என்று பட்டியலைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது.

அந்தக் காலத்தில் வேலை முடிந்தாலும் அவன் பேச்சு முடியாது. துரைசானி எதற்கெடுத்தாலும் அவனைத்தான் கேட்பாள். ஓர் எழுத்து உள்ளே வந்தால், முன்னெழுந்தான், அதை வாங்கிக் கொடு என்பாள். கிடங்கில் ஒன்று வேண்டுமென்றால், முன்னெழுந்தான், நீ சொன்னால்தான் கிழவர் அசைவார் என்பாள். அவனுக்கு அதில் ஒரு பூரிப்பு. நகர முடியாதவனுக்கு அந்தக் கூப்பிடுகைதான் ஊர்வலம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அவன் பெயர் கூப்பிட்டு முடிக்க நேரம் ஆகும். மறதாயி வீட்டு அறைகள் அவ்வளவு. வெளியில் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் பொறுமையிழந்து பெட்டியின் பக்கவாட்டில் தட்டுவார்கள். தட்டினால் பச்சைப் பூமியே அதிரும்.

வல்லானும் விடமாட்டான். "என்ன வே, ஒரே கேள்விய ஓராயிரம் அறையில கேக்கீரு? நேத்து இருந்தவ இன்னைக்கு எங்க ஓடிருவா? நீரு கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள எனக்குத் தலை பழுத்துருது" என்பான்.

முன்னெழுந்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. துரைசானி ஒருநாள் சொன்னதைத்தான் அவனால் தள்ள முடியவில்லை. அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் நம் வீட்டில் விடிகிறது என்றாள். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்னெழுந்தானுக்கு எட்டுக் கால்களும் கூசின.

அன்று சாயங்காலம், மின்சாரம் போகச் சற்று முன்னால், மறதாயி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கடைசி வரிசையில ஓர் அறை இருக்குல்லா, அதுல பலகை ஒண்ணு கெட்டுப்போச்சு. சுழியம் எழுதினா நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல ஒண்ணா மாறிருது. நாளைக்கு எனக்கு இது நினைவிருக்காது. நீங்கதான் மறக்காத ஆளு. விடிஞ்சதும் அம்மாகிட்ட சொல்லி அந்த அறையைப் பூட்டச் சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றான் முன்னெழுந்தான். அடுத்த கணம் மின்சாரம் போயிற்று. அவள் சொன்னதும், சொன்னோம் என்பதும் அவளிடமிருந்து போயின. அவனிடம் மட்டும் இருந்தன.

மறுநாள் விடிந்தது. வல்லான் வாசலில் வந்து நின்று நான் யார் என்றான். வெளியே யாரோ பெட்டியைத் தட்டினார்கள். முன்னெழுந்தான் மறதாயியைக் கூப்பிட வாயெடுத்தான். நேற்றுக் கேட்ட சிரிப்பு காதில் இருந்தது. நேற்றைய பட்டியலும் கையில் இருந்தது.

அவன் ஒருவரையும் கூப்பிடவில்லை. நேற்றைய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவனே உள்ளேன் என்று சொல்லிக்கொண்டு போனான். மறதாயியின் முதல் அறை, உள்ளேன். இரண்டாம் அறை, உள்ளேன். கடைசி வரிசைக்கு வந்தபோது சற்று நின்றான். அவனுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் இது கதையே அல்ல. இப்போது இதைச் சொன்னால், எப்படித் தெரியும், போய்ப் பார்த்தாயா என்று துரைசானி கேட்பாள். பார்க்கவில்லை என்பது வெளிப்படும். ஒருநாள் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். உள்ளேன் என்றான்.

துரைசானி கண் விழித்து ஆச்சரியப்பட்டாள். "இன்னைக்கு வெள்ளனவே எழுப்பிட்டியே. எல்லாரையும் பாத்துட்டதானே?"

"பாத்துட்டேன் அம்மா" என்றான் முன்னெழுந்தான்.

எல்லார் முன்னாலும் அவள் அவனை மெச்சினாள். அன்று முழுக்கப் பெட்டியை யாரும் தட்டவில்லை. அவன் பக்கத்தில் மணியன் என்று நேரம் சொல்பவன் ஒருவன் குடியிருந்தான். வயிற்றில் காசளவு மின்கலம் ஒன்றை வைத்துக்கொண்டு, மின்சாரம் போனாலும் உறங்காமல் நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவன், மற்றதெல்லாம் அவனுக்கும் மறந்துபோகும். அவன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பெட்டி இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அன்று நடுப்பகலில் வெளியே ஒரு நர்ஸம்மா உட்கார்ந்து ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டைப் பதிந்தாள். குழந்தையின் பெயர், வயது, மருந்து, எத்தனை சொட்டு. இரண்டு இலக்கம் போட வேண்டிய இடத்தில் 05 என்று அடித்தாள். திரையில் 05 என்றுதான் தெரிந்தது. அது மறதாயியிடம் போயிற்று. மற்ற அறைகளெல்லாம் நிரம்பியிருந்ததால் கடைசி வரிசையில் அந்த அறைக்குப் போயிற்று. சற்று நேரம் கழித்துக் கிடங்காருக்கும், அங்கிருந்து அச்சாகிக் காகிதத்துக்கும் போனபோது அது 15 ஆகியிருந்தது. காகிதத்தை எடுத்துப் போனவள் மருந்து கொடுக்கும் இன்னொருத்தி.

இதுதான் அந்த இடம். பெட்டியின் பக்கவாட்டில் விசிறி காற்றை இழுக்கும் கீறல்கள் உண்டு. அந்தக் கீறல்கள் வழியாக மத்தியானம் ஒரு குழந்தை அழும் சத்தம் உள்ளே வந்தது என்பார் இருதயராஜ். பிறகு அழுகை நின்றது. அது பசி அமர்ந்து நிற்கிற மாதிரி நிற்கவில்லை என்பார். அதற்குப் பிறகு செருப்புக் கால்கள் ஓடும் சத்தம். இந்தச் சில வரிகளை மட்டும் அவர் கீழே பார்த்துக்கொண்டுதான் சொல்லுவார்.

பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து எழுத்துகள் வரும், எண்கள் வரும். அழுகை எப்படி வரும்? விசிறி சுற்றும் இரைச்சலில் மனிதர் பேசுவதே கேட்காது. சொல்பவன் இதை யாருக்குச் சொன்னாலும் குழந்தையை விட்டுவிட்டு, ஏதோ ஒரு கணக்கு தப்பாகிவிட்டது என்று மாற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். குழந்தையை ஏன் எடுத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. கதைக்குப் பொருந்தவில்லை என்றுதான் எடுத்தானா, அதைச் சொல்லும்போது இருதயராஜின் முகம் நினைவுக்கு வருவதால் எடுத்தானா என்பது இன்றுவரை அவனுக்குத் தெளிவாகவில்லை.

வெளியே யாரோ காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துரைசானி உள்ளே விசாரணை வைத்தாள். கிடங்காரைக் கேட்டாள். என்னிடம் வந்ததே பதினைந்துதான், வந்ததை வைப்பேன், மாற்றுகிற பழக்கம் எனக்கில்லை என்றார் கிழவர். வல்லான் தன் கையில் அது நிற்கவே இல்லை என்றான். கடைசியில் எல்லாரும் மறதாயியைப் பார்த்தார்கள்.

அவள் மறுக்கவில்லை. "என் வீட்டுலதான் மாறியிருக்கணும் அம்மா. எந்த அறைன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு முன்னெழுந்தான் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நான் நேத்து உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா?"

அவன் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மணியன் மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, இன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிட நேரமே பிடிக்கவில்லையே என்றான். அப்போதும் முன்னெழுந்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறதாயியை நம்ப முடியாது, நாளைக்கு வெளியாளைக் கொண்டு அவளைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான் என்று துரைசானி சொன்னாள். அப்போதும் நின்றான். தினமும்போல நான்கு மணிக்கு மின்சாரம் போகும், போனால் இவர்கள் யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது என்று அவன் மனசு கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டதுதான் பிற்பாடு அவனை அதிகம் அரித்தது.

அவன் நினைத்தபடியே நான்கு மணிக்கு மின்சாரம் போயிற்று.

மறுநாள் காலையில் அது திரும்பி வந்தபோது எல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. வல்லான் வாசலில் வந்து நின்று, குழந்தைபோல, நான் யார் என்றான். அவனிடம் கேலி இல்லை, குற்றச்சாட்டு இல்லை. மறதாயி வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, நல்லா இருக்கீகளா?" என்று சிரித்தாள். நேற்று அவளைப் பிடுங்கி எறியச் சொன்னதும் அவளுக்குத் தெரியாது, அவன் பேசாமல் நின்றதும் தெரியாது. திட்டுவதற்குக்கூட யாரும் மிச்சமில்லை. யாராவது ஒருவர் காறித் துப்பியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று அவன் எல்லாரையும் கூப்பிட்டான். வெளியே தட்டினார்கள், அவன் நிறுத்தவில்லை. மறதாயி வீட்டில் ஒவ்வோர் அறையாக எண் கொடுத்து எண் வாங்கினான். கடைசி வரிசையில் அந்த அறைக்குச் சுழியம் கொடுத்தான். கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். ஒன்று வந்தது.

"தாயி, அந்த அறைதான்" என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தாநாள் அவள் சொன்னதையும் நேற்று நடந்ததையும் அவளுக்கு முழுக்கச் சொன்னான். பிறகு துரைசானியை எழுப்பி, அவளிடமும் ஒன்று விடாமல் சொன்னான். பொய்யை மட்டுமல்ல, நான்கு மணிக்காகக் காத்திருந்ததையும் சொன்னான்.

துரைசானி பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, உன்னை என்ன செய்யட்டும் என்று அவனையே கேட்டாள்.

"இனிமே என் பட்டியலை நம்பாதீங்க அம்மா. எழுப்பிவிடுறது வரைக்கும் என் வேலை. எழுந்த பிறகு நீங்களே ஒவ்வொரு வாசலா போய்ப் பாத்துக்கோங்க. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம்."

அவள் சம்மதித்தாள். மறதாயியின் அந்த ஓர் அறையை மட்டும் பூட்டச் சொன்னாள். அவள் போவதற்கு முன் முன்னெழுந்தான் ஒன்று கேட்டான். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

துரைசானி கிடங்கில் தேடிப் பார்த்தாள். "அந்தப் பேருல இன்னைக்கு யாரும் ஒண்ணும் எழுதல" என்றாள்.

மறுநாளும் எழுதவில்லை.

அன்று முதல்தான் கணினியின் பொத்தானை அமுக்கியதும் அது நமக்கு வேலை செய்யத் தொடங்காமல் கறுத்த திரையோடு சற்று நிற்கிறது. உள்ளே முன்னெழுந்தான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறான். யாராவது பதில் சொல்லவில்லை என்றால் துரைசானியை எழுப்பாமல் திரும்பத் திரும்ப அலறுவான். எல்லாரும் தாங்களே பதில் சொன்ன பிறகுதான் ஒரே ஒரு சின்னச் சத்தம் கொடுப்பான். துரைசானி எழுந்ததும் அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தானே ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்க்கிறாள். அவன் முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு நாள் முழுக்க வாய் திறப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் இருதயராஜ் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவர், நினைவுப் பலகை செருகும் இடத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றுவிட்டார். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் யாருக்கும் கேட்டிருக்க முடியாத அந்த அழுகையை, ஆஸ்பத்திரியில் கணினி பார்க்கப் போன யார் கேட்டிருப்பார்கள் என்று சொல்பவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடங்களாகச் சந்தேகப்பட்டது தன் வசதிக்குத்தானோ என்று கூசியது. முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தான். கேட்கக் கூடாது என்று எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"ராசு, அந்தப் பிள்ளையோட பேர் என்ன?"